தையல் வகுப்பில் அடித்த கத்தி

என் மாமியாருக்கும் எங்கள் ஊர் டெய்லருக்கும் பல வருடப் பகை. அவர் தைத்துக் கொடுத்த எந்த ஜாக்கெட்டிலும் கைக்குழி சரியாக அமைந்ததில்லை என்பது அத்தையின் புகார். ஒரு தடவை இறுக்கும், மறு தடவை தொளதொளக்கும். பிரித்துத் தைக்கக் கொடுத்தால் இன்னும் மோசமாகித் திரும்பி வரும். இந்தப் பகை மட்டும் இல்லையென்றால் நான் என் வாழ்நாளில் சம்மட்டியைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் துடியலூரில் இருந்தோம். ஒரே வீட்டில் இரண்டு குடும்பம். நானும் என் ஓரகத்தியும். அவர் என் கணவருடைய அண்ணனின் மனைவி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது குழந்தை இல்லை. அண்ணனும் தம்பியும் காலையில் டிபன் கேரியரோடு கிளம்பினால், ஒருவர் பம்ப்செட் கம்பெனிக்கும் ஒருவர் நூல் மில்லுக்கும் போய் இருட்டிய பிறகே வருவார்கள். பகல் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் அத்தையும்தான்.

அத்தை கொடுமைக்காரர் இல்லை. எங்களுக்குச் சாப்பாட்டில் குறை வைத்ததில்லை, தலைவலி என்றால் சுக்கு அரைத்துப் பற்றும் போட்டுவிடுவார். ஆனால் மருமகள்கள் இருவரும் கண் பார்வையில் இருக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் துணி துவைக்கப் போனால்கூட ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, "ஏனம்மிணி" என்று குரல் வரும். ஒன்றும் வேலை இருக்காது. நாங்கள் இருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வதற்காக.

மேட்டுப்பாளையம் ரோட்டோரம் இருந்த பயிற்சி நிலையத்தில் பெண்களுக்கு ஆறு வாரத் தையல் வகுப்பு நடக்கப்போகிறது என்று நோட்டீஸ் வந்தது. அதை நான் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். கைக்குழி என்ற சொல் நோட்டீஸில் இல்லை. நானாகச் சேர்த்து வாசித்தேன். அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அன்று சாயங்காலமே அனுமதி கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை நானும் அக்காவும் போனபோது அங்கிருந்த கிளார்க் நோட்டைத் திறக்காமலே தலையை ஆட்டினார்.

"தையல் ரொம்பிருச்சுங்க. கூடை பின்றதும் ரொம்பிருச்சு. கத்தி அடிக்கிறது மட்டுந்தான் காலியா கெடக்குது" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது பெரிய வேடிக்கை என்பதுபோல் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. விவரம் கேட்டேன். இரும்பை அடித்துக் கத்தியும் அரிவாளும் செய்ய ஆரம்ப நிலைப் பயிற்சியாம். பத்துப் பேர் சேர்ந்தால்தான் வகுப்பு நடக்குமாம், எட்டு ஆண்கள்தான் சேர்ந்திருக்கிறார்களாம். இன்னும் இரண்டு பேர் கிடைக்காவிட்டால் வகுப்பை ரத்து செய்து மேலே பதில் எழுத வேண்டுமாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அதுல பொம்பளைங்க சேரக் கூடாதுன்னு எழுதியிருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் உத்தரவுத் தாளை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "அப்படி ஒண்ணும் எழுதலீங்க" என்றார்.

அக்கா என் கையைக் கிள்ளியதை நான் பொருட்படுத்தவில்லை. கிளார்க் எங்கள் பெயரை முழுதாக எழுதாமல் முதல் எழுத்துகளை மட்டும் எழுதிக்கொண்டார். மேலே யாராவது பார்த்தால் ஆண்கள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று அவருக்கு எண்ணம்.

வெளியே வந்ததும் அக்கா, நிஜமாகவே போகப்போகிறோமா என்று கேட்டார்.

"ஆறு வாரமுங்க அக்கா. காலைல பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும்" என்றேன்.

அவர் முன்னால் நடந்தார். எங்கள் வீதி முக்கில் நின்று, "சனிக்கெழமையும் உண்டா கண்ணு?" என்று கேட்டார். உண்டு என்றேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் அத்தை, இடம் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றோம். என்ன இடம் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அன்றைய கணக்கில் அது பொய்யே இல்லை என்று அக்காவுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொன்னால் கழுத்திலிருந்து காது வரை சிவந்துபோகும். எனக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

பட்டறை, தையல் கூடத்துக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை. நடுவில் கரி உலை, அதற்குக் காற்று ஊதக் கையால் சுற்றும் ஒரு ஊதுபெட்டி. பக்கத்தில் மரக்கட்டையில் பதித்த பட்டடைக் கல், அதாவது இரும்பை வைத்து அடிக்கும் கனத்த இரும்புப் பாளம். மூலையில் லாரிகளுக்கு அடியில் அடுக்கியிருக்குமே, அந்த வில் பட்டைகள் குவிந்து கிடந்தன. எல்லாக் கத்தியும் அதிலிருந்துதான் வரும்.

சொல்லிக்கொடுக்க வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சொந்தப் பட்டறை வைத்திருப்பவர். அவ்வளவு மரியாதையான மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குறட்டில் பிடித்த இரும்பைப் புரட்டும்போது, "சித்த திரும்பிக்கங்க" என்று அதனிடமே சொல்வார். அவர் மனைவி அதற்கு நேர் எதிர். சம்மட்டி அடிப்பவர் அந்தம்மாதான். புடவையை இழுத்துச் செருகி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எங்கள் இருவரையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"வளையலைக் கழட்டிப்போட்டு வாங்க. இல்லீன்னா அதுவா கழண்டுக்கும்" என்றார்.

வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டோம். எட்டு ஆண்களும் எங்களை வழி தவறி வந்தவர்களைப் போலப் பார்த்தார்கள். அவர்களில் மூடிப்போன ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தவர் ஒருவர். அவருக்கு எல்லாம் தெரியும். வாத்தியார் வாயைத் திறக்கும் முன் அவர் எங்களுக்கு விளக்கிவிடுவார். கரியைப் பற்றி, காற்றைப் பற்றி, இரும்பின் குணத்தைப் பற்றி. கேட்டுக்கொண்டோம்.

முதல் வாரம் கரி உடைத்தோம், ஊதுபெட்டி சுற்றினோம். இரண்டாம் வாரம்தான் சம்மட்டி. வாத்தியார் இடது கையால் குறடைப் பிடித்து, வலது கையில் சிறிய சுத்தியலால் இரும்பில் ஓர் இடத்தில் தட்டுவார். அவர் எங்கே தட்டினாரோ அங்கே சம்மட்டி விழ வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒருவர் பிந்தினாலும் இரண்டு சம்மட்டியும் நடுவில் மோதிக்கொள்ளும்.

ஃபிட்டர்தான் முதலில் போனார். வலது காலை முன்னால் வைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு இடது காலை முன்னால் வைத்தார். அவர் ஓங்கி அடித்த சம்மட்டி இரும்பில் படாமல் கல்லில் பட்டு எகிறியது, அவரும் அதன் பின்னால் போனார். யாரும் சிரிக்கவில்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

பிறகு எங்கள் முறை. நானும் அக்காவும் எதிரெதிரே நின்றோம். அத்தை நோம்பி, பண்டிகைக்கு மாவு இடிக்க மில்லுக்கு அனுப்ப மாட்டார். வீட்டு உரலில்தான் இடிக்க வேண்டும். ஒரே உரலில் இரண்டு உலக்கை போட்டு நான்கு வருடமாக நானும் அக்காவும் இடித்துப் பழகியிருந்தோம். ஒருவர் மூச்சு விடும் நேரம் இன்னொருவருக்குத் தெரியும். வாத்தியார் தட்டினார். அக்கா அடித்தார், நான் அடித்தேன், அக்கா, நான். பத்துப் பன்னிரண்டு அடிக்குப் பிறகு வாத்தியார் இரும்பைத் தூக்கிப் பார்த்தார். அது நீண்டிருந்தது.

நான் கண்ணால் பார்த்தேன், கெட்டியான லாரிப் பட்டை, சப்பாத்தி மாவுபோல நீண்டிருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த சூட்டுக்காக உலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கை இரண்டே நாளில் கொப்புளித்துப்போனது. அக்காவின் கை அதற்காகவே செய்து வைத்ததுபோல இருந்தது. மூன்றாம் வாரம் ஆண்களே தங்கள் இரும்பை எடுத்துக்கொண்டு வந்து, "ஏனுங்க, சித்த நம்மளுக்கும் ஒரு கை அடிச்சுக் குடுங்க" என்று அக்காவிடம் கேட்க ஆரம்பித்தார்கள். ஃபிட்டர் மட்டும் நான்கு நாள் தள்ளிக் கேட்டார். வீட்டில் பதினாறு வருடமாக உரக்கப் பேசியிராத அக்கா, பட்டறையில் "தள்ளி நில்லுங்க" என்று சொன்ன சத்தம் முன்னால் தையல் கூடம் வரை கேட்டதாம்.

வீட்டில்தான் சிக்கல். தையல் வகுப்புக்குப் போய்விட்டு வருகிறவர்கள் கறுத்த நகத்தோடு ஏன் வருகிறார்கள்?

"தையல் மெஷினுக்கு எண்ணெய் போடச் சொல்றாங்க அத்தை" என்றேன். எண்ணெய் போடத் தெரியாதவருக்குத் தையல் வராது என்று அத்தை ஒப்புக்கொண்டார்.

என் புடவையில் தீப்பொறி பட்டு மிளகு அளவுக்கு ஓட்டைகள் விழுந்திருந்தன. கரிப்பெட்டியில் இஸ்திரி போடச் சொல்கிறார்கள், தைத்ததை உடனே தேய்த்தால்தான் மடிப்பு நிற்கும் என்றேன். கரி வாசனைக்கும் அதே பதில். அக்கா ஒரு நாள் தோள்பட்டை வலி தாங்காமல் கையைத் தூக்க முடியாமல் நின்றபோது அத்தையே, "நாள் முச்சூடும் குனிஞ்சு தெச்சா தோள்பட்டை புடிச்சுக்காதா?" என்று சொல்லி, வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தார். அக்கா கழுத்திலிருந்து காது வரை சிவந்தார். வெந்நீர்ச் சூடு என்று அத்தை நினைத்துக்கொண்டார்.

நான்காம் வாரத் தொடக்கத்தில் அத்தை பெட்டியைத் திறந்து ஊதா நிறத்தில் ஒரு ஜாக்கெட் துணியை எடுத்துக் கொடுத்தார். அந்தியூரில் அவருடைய அண்ணன் வீட்டில் கல்யாணம். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாரும் வருவார்கள். மருமகள்கள் கையால் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"கைக்குழி மட்டும் பாத்துக்க கண்ணு" என்றார்.

அன்று இரவு அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றார். நான் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். மறுநாள் இடைவேளையில் முன்னால் போய்த் தையல் டீச்சரைப் பார்த்தேன். கழுத்தில் அளவு டேப்பை மாலைபோலப் போட்டிருக்கும் கனத்த பெண்மணி. அவருக்கும் ஒரு குறை இருந்தது. அரசாங்கம் கொடுத்த பதினைந்து கத்தரிக்கோலும் துணியை வெட்டாமல் மென்றன. சாணை பிடிக்கச் சொல்லி எழுதிப் போட்டு ஒரு வருடம் ஆகிறதாம்.

அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் இதைத் தைத்துக் கொடுங்கள் என்று துணியை நீட்டினேன். அவர் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, அளவு ஜாக்கெட் எங்கே என்று கேட்டார்.

வாத்தியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை, தேவையான அளவுக்குச் சொன்னேன். கத்தரிக்கோலைத் திருகு கழற்றி இரண்டாகப் பிரித்து, எந்தச் சாய்வில் தீட்ட வேண்டும் என்று அவர் காட்டிக்கொடுத்தார். முதல் கத்தரிக்கோலை நான் பாழாக்கினேன். மீதிப் பதினான்கும் மூன்று நாளில் தீட்டி முடித்தேன். தையல் கூடத்தில் அன்று ஒரு பெண் துணியோடு சேர்த்துத் தன் தாவணியையும் வெட்டிக்கொண்டாளாம். டீச்சர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

அவரிடம் நான் இன்னொன்றும் கேட்டுப் பார்த்தேன். நாலு வாரம் படித்தவர்கள் தைத்தது மாதிரி கொஞ்சம் கோணலாகத் தைக்க முடியுமா என்று. அவர் முகம் மாறிவிட்டது.

"என்ற கையில கோணத் தையல் வராதுங்க. வேணும்னா நீங்க கொண்டுபோய்க் கெடுத்துக்கங்க" என்றார்.

அப்படியேதான் செய்தேன். அவ்வளவு அழகான ஜாக்கெட்டை வீட்டில் காட்ட எனக்கே பயமாக இருந்ததால், மேலிருந்து மூன்றாவது கொக்கியைப் பிரித்து நானே கோணலாகத் தைத்தேன். அதற்கு எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. அத்தை போட்டுப் பார்த்தார். கையை முன்னால் நீட்டினார், மேலே தூக்கினார், பின்னால் கொண்டுபோனார். கைக்குழி எங்கும் பிடிக்கவில்லை. கொக்கியைப் பார்த்து, "பரவால்ல கண்ணு, போகப் போக வந்துரும்" என்று என் கன்னத்தைத் தடவினார். அப்போதுதான் முதல்முறையாக எனக்குள் எங்கோ உறுத்தியது. ஆனால் மறுநாள் என் கத்திக்குப் பதம் வைக்கும் நாள் என்பதால் அதை அதிக நேரம் நினைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கத்தியின் வாய் மழுங்காமல் நிற்கப் பதம் வைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். அடித்துத் தீட்டிய கத்தியைச் செம்பருத்திப் பூ நிறத்துக்குக் காய்ச்சி, வெட்டும் வாயை மட்டும் தண்ணீரில் காட்ட வேண்டும். உடனே வெளியே எடுத்துத் தேய்த்துவிட்டுப் பார்த்தால், முதுகுப் பக்கச் சூடு வாய்ப்பக்கம் இறங்கும்போது ஒரு மஞ்சள் நிறம் ஊர்ந்து வரும். அது வைக்கோல் நிறமாகும்போது மறுபடி தண்ணீர். இதை வாத்தியார் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். நான் அவசரத்தில் செக்கச் சிவந்த கத்தியை முழுதாகத் தொட்டியில் முக்கினேன். உள்ளே டிங் என்று ஒரு சத்தம், பாத்திரத்தில் ஸ்பூன் பட்டதுபோல. எடுத்துப் பார்த்தேன். நடுவில் முடிக் கோடாக ஒரு விரிசல். பத்து நாள் வேலை போயிற்று.

வாத்தியார் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, "கோவிச்சுக்கிட்டாங்க" என்றார். இரும்பைத்தான் சொன்னார். அவர் மனைவி அடுத்த பட்டையை எடுத்து என் முன்னால் போட்டார்.

அந்தியூர்க் கல்யாணத்தில் ஊதா ஜாக்கெட் பெரும் புகழ் பெற்றது. அத்தை போய் வந்த மூன்றாம் நாள் மஞ்சள் பையில் ஐந்து ஜாக்கெட் துணிகள் வந்து சேர்ந்தன. எல்லாம் அத்தையின் உறவுக்காரப் பெண்களுடையவை. மருமகள்கள் தைத்துத் தருவார்கள் என்று அத்தை எல்லாருக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். தையல் டீச்சரிடம் பேரம் பேச என்னிடம் கத்தரிக்கோல் எதுவும் மிச்சமில்லை. யோசித்துக்கொள்ளலாம் என்று பையை வகுப்புக்குத் தூக்கிப்போய் அப்படியே திருப்பிக் கொண்டுவந்துகொண்டிருந்தேன்.

அளவு ஜாக்கெட்டுகளில் ஒன்று வீட்டிலேயே தங்கிவிட்டதாம். அதைக் கொடுக்கவென்று ஐந்தாம் வாரம் வியாழக்கிழமை அத்தை தானே கிளம்பிப் பயிற்சி நிலையத்துக்கு வந்துவிட்டார்.

நடந்ததைத் தையல் டீச்சர்தான் பிறகு சொன்னார். அத்தை கூடத்துக்குள் வந்து மெஷின் மெஷினாகப் பார்த்து, தன் மருமகள்கள் எங்கே என்று கேட்டிருக்கிறார். டீச்சர் எங்களைக் காப்பாற்ற நினைத்து, இங்கேதான் இருந்தார்கள், நூல் எடுக்கப் போயிருக்கிறார்கள் என்று சொல்லி நாற்காலி போட்டிருக்கிறார். அத்தை உட்கார்ந்திருக்கிறார். கால் மணி நேரமாகியும் நூல் வரவில்லை. பின்பக்கமிருந்து சம்மட்டிச் சத்தம் வந்துகொண்டே இருக்க, இது என்ன என்று கேட்டிருக்கிறார். கத்தி வகுப்பு என்று டீச்சர் சொன்னதும், உலை எரிவதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்து வந்திருக்கிறார். வேவு பார்க்கும் எண்ணமெல்லாம் இல்லை. சும்மா வேடிக்கை பார்க்க.

அன்று ஒரு பெரிய அரிவாளுக்கு அடித்துக்கொண்டிருந்தோம். அக்கா சம்மட்டி, எதிரில் வாத்தியாரின் மனைவி, நான் முதல்முறையாகக் குறடைப் பிடித்துச் சிறிய சுத்தியலால் இடம் காட்டிக்கொண்டிருந்தேன். ஆண்கள் எட்டுப் பேரும் சுற்றி நின்றிருந்தார்கள். நிமிர்ந்தபோது கொட்டகை வாசலில் அத்தை நிற்பது தெரிந்தது. கையில் அளவு ஜாக்கெட்.

என் சுத்தியல் நின்றது. அக்காவும் திரும்பிப் பார்த்தார்.

வாத்தியாருக்கு அத்தை யாரென்று தெரியாது. "சூடு போயிருமுங்க, நிறுத்தாதீங்க" என்றார்.

என்ன செய்வது? இரும்பு சிவந்திருந்தது. அக்கா பெருமூச்சு விட்டுச் சம்மட்டியைத் தூக்கினார். நான் இடம் காட்டினேன், அவர் அடித்தார். என் மாமியார் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய மூத்த மருமகள் புடவையை முழங்காலுக்குச் செருகி, தலையில் துண்டு கட்டி, எட்டு ஆண்கள் நடுவில் சம்மட்டி அடித்தார். அந்த ஒரு சூடு ஆறுவதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது. அக்கா ஓர் அடியைக்கூடத் தவறவிடவில்லை. சிவப்பு மங்கிக் கறுத்த பிறகுதான் சம்மட்டியைத் தரையில் வைத்தார்.

அத்தை கிட்டே வந்தார். அரிவாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வாத்தியாரிடம் திரும்பினார்.

"ஏனுங்க, இதுல தையல் எப்பங்க வரும்?" என்று கேட்டார்.

வாத்தியார் குழம்பிப்போய், "தையலுங்களா? அது முன்னாடிங்க" என்று கையைக் காட்டினார்.

அத்தை எங்களை முன்னால் விட்டு வீடு வரை பின்னால் நடந்து வந்தார். வந்ததும் திட்டு விழும் என்று நாங்கள் சுவரோரம் நின்றோம். அவர் தண்ணீர் குடித்தார். அப்புறம் கேட்டது ஒரே கேள்விதான். அந்த ஊதா ஜாக்கெட்டைத் தைத்தது யார்?

எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்கோல், கோணல் கொக்கி, இஸ்திரிப் பெட்டி, ஒன்று விடாமல். கொக்கியைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. நான் ஏமாற்றியதைவிட, அவர் பரவாயில்லை என்று கன்னத்தைத் தடவியது அவருக்கு வலித்திருக்க வேண்டும். எனக்கும் வலித்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அழுதேன், அது நிஜ அழுகைதான்.

அத்தை அக்காவிடம் திரும்பினார். "நீயுமா?" என்றார்.

அக்கா அழவில்லை. "அங்க என்னைய யாரும் கூப்புட மாட்டாங்க அத்தை. மூணு மணி நேரம். அதுக்குத்தான் போனேன். அப்பறம் அது புடிச்சுப் போச்சு" என்றார்.

பொடக்காளியில் பசு கத்தியது. யாரும் எழுந்து போகவில்லை. பிறகு அத்தை அந்த மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு துணிகளை எண்ணினார்.

"அந்தியூர்க்காரிககிட்ட வாய் விட்டுப்போட்டேன். அவளுகளுக்கு இது தெரிஞ்சா என்ற மானம் போயிரும்" என்றார். "ஆம்பளைங்களுக்கும் தெரிய வேண்டாம். தையல் தையலாவே இருக்கட்டும்."

அடுத்த நாள் அத்தையே தையல் டீச்சரைப் பார்க்கப் போனார். என்ன பேசினார் என்று தெரியாது. ஆறாம் வாரம் முடிவதற்குள் ஐந்து ஜாக்கெட்டும் வந்தன, டீச்சர் வீட்டுக்குத் தினம் எங்கள் பசுவின் பால் போனது. ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் ஒரு கொக்கியைக் கோணலாக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார் அத்தை. இல்லாவிட்டால் அந்தியூர்க்காரிகளுக்குச் சந்தேகம் வருமாம். வீதியில் யாராவது எங்கள் கறுத்த நகத்தைப் பற்றிக் கேட்டால், நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் மெஷின் எண்ணெயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். என்னைவிட நன்றாகச் சொன்னார். நான் நினைத்துப் பார்க்காத விவரங்களை எல்லாம் சேர்த்தார்.

கடைசி நாள் தேர்வு. மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். கத்திகளை மேஜையில் வரிசையாக வைத்தோம். என்னுடையது விரிசல் இல்லாமல் வந்திருந்தது, ஆனால் நுனி கொஞ்சம் இடப்பக்கம் பார்த்தது. அக்காவின் கத்தி ஒரு சாண் நீளம், வேப்பங்கட்டைப் பிடி, வாய் ஒரே நேராக. அதிகாரி அதைத்தான் எடுத்தார். கூராக இருக்கிறதா என்று கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். வாத்தியார், "அப்படிப் பாக்காதீங்கய்யா" என்று சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் வந்துவிட்டது. தையல் கூடத்திலிருந்து துணித் துண்டு கொண்டுவந்து கட்டினார்கள். கட்டுப் போட்ட கையோடு அவர் அக்காவின் கத்திக்கு முதல் மதிப்பெண் போட்டார்.

அவர் கிளம்பிப்போன பிறகு கிளார்க் சான்றிதழ்களைக் கொடுத்தார். எங்கள் இருவருடையதிலும் தையல் என்று எழுதியிருந்தது. கேட்டதற்கு, பெண்கள் பெயரில் கத்தி அடித்த சான்றிதழ் போனால் மேலே நூறு கேள்வி வரும், இது உங்களுக்கும் உபயோகம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைவிட வசதி வேறென்ன? மடித்து முந்தானையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

அக்கா வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் மேஜை முன்னாலேயே நின்றிருந்தார். அந்தத் தாளைக் கிளார்க் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்.

"நான் அடிச்சது கத்திங்க. அதையே எழுதிக் குடுங்க" என்றார்.

கிளார்க் ஏதேதோ சொன்னார். புது ஃபாரம் இல்லை என்றார், கையெழுத்துப் போட்ட அதிகாரி போய்விட்டார் என்றார். அக்கா திருப்பிப் பேசவில்லை, நகரவும் இல்லை. ஃபிட்டர்தான் முதலில் பக்கத்தில் போய் நின்றார். பிறகு மற்ற ஆண்களும் ஒவ்வொருவராகப் போய் நின்றார்கள். கடைசியில் கிளார்க் தையல் என்பதை அடித்துவிட்டு, மேலே கத்தி என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

என் சான்றிதழை அத்தை கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். அக்கா தன்னுடையதை அன்று இரவே தன் வீட்டுக்காரரிடம் காட்டிவிட்டார். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, தோள்பட்டை வலி இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாராம். அடுத்த வாரம் எங்கள் வீட்டிலிருந்த மொண்ணை அரிவாள்மனையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று தெரிந்திருந்தால் நான் அத்தனை பொய்யைச் செலவு செய்திருக்க மாட்டேன்.

அந்த வருடம் மழைக்காலத்தில் வாத்தியாரின் மனைவிக்குக் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் சம்மட்டி அடிக்க ஆள் வேண்டும் என்று வாத்தியார் வீடு தேடி வந்தார். அத்தை அவருக்குக் காபி கொடுத்தார். அக்கா தினம் காலை பஸ் ஏறிப் போய் வந்தார். அத்தை வீதியில் எம்பிராய்டரி வகுப்பு என்று சொல்லிவைத்தார், யாரும் கேட்காமலே.

ஒரு நாள் அக்கா டிபனை மறந்துவிட்டுப் போனதால் நான் எடுத்துக்கொண்டு போனேன். பட்டறையில் ஒரு மூலையில் தூளி கட்டி, வாத்தியாரின் மனைவி கயிற்றை ஆட்டிக்கொண்டே, அடி கொஞ்சம் முன்னால் விழுகிறது என்று அக்காவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா காலை நகர்த்தி நின்று மறுபடி ஓங்கினார். நான் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. இரும்பின் சூடு ஆறட்டும் என்று டிபனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.